கோணல் சரக்கு

அலமாரிக் கதவில் இடித்து மூன்றாவது முறையாகத் தன் நெற்றி வீங்கியபோது, என் மனைவி சுத்தியலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"ஊருக்கெல்லாம் அலமாரி செய்ற கை. இன்னைக்கு இந்தக் கதவு மூடணும். இல்லன்னா நீங்களே ஒடைச்சுப் போடுங்க, அடுப்புக்காவது ஆகும்."

எங்கள் சமையலறைக்கு மூன்றே சுவர். வீட்டுக்காரர் ஒரு வீட்டை இரண்டாக்கக் மூலைக்கு மூலை குறுக்கே ஒரு சுவரை எழுப்பிவிட்டார். அந்தச் சுவர் சேரும் கோணல் மூலையில் நான் செய்து வைத்த அலமாரிக்குக் கதவு சாய்வாக வந்து மூட வேண்டும். சாதாரணக் கீலில் அது பாதியிலேயே நின்று, மெல்லத் திறந்து, அடுப்பில் குனிகிறவள் தலையைத் தேடி வரும். ஒரு முழங்கையால் அதை அழுத்திக்கொண்டே மறு கையால் கிளறுவாள்.

அந்தச் சாய்வுக்கு ஒரு தகரத் துண்டை வளைத்து அவள் பையில் போட்டேன். நான் அளவை எழுதி வைக்கிறவன் இல்லை. அளவையே தூக்கிக்கொண்டு போகிறவன்.

சாய்வாக மூடுகிற கீல் கேட்டதற்கு, முதல் இரும்புக் கடைக்காரன் தலையை நிமிர்த்தவே இல்லை. "கதவுன்னா தொண்ணூறு டிகிரிண்ணே. கதவை மாத்துங்க."

இரண்டாவது கடைக்காரனுக்குச் சிரிப்பு வேறு. "செவுத்தை இடிச்சிருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலமாரி வைக்க ஆசைப்பட்டவன் சதுர வீட்டில்தான் பிறக்க வேண்டுமா?

மூன்றாவது கடை முதலாளி ஒரு பெட்டியின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "அப்படி ஒரு கீலே கெடையாதுண்ணே."

"அளவையாவது பாருங்க" என்று மனைவியிடம் கையை நீட்டினேன். அவள் எடுத்துக் கொடுத்த தகரம் குச்சி போல நேராக இருந்தது.

"பையில கோணலா கெடந்துச்சு. நிமித்தி வச்சேன்" என்றாள்.

முதலாளிக்கு ஒரே குஷி. "நானும் அக்கா மாதிரிதான், கோணலைக் கண்டா ஆகாது. இந்தப் பெட்டி முழுக்கக் கீலை வளைச்சு அனுப்பியிருக்கான். தப்புச் சரக்கு. திருப்பி அனுப்பணும்."

மனைவி குனிந்து அவர் காலுக்கடியில் பெட்டி மூடியைத் தூக்கினாள். "எல்லாம் ஒரே மாதிரில்ல வளைஞ்சிருக்கு. தப்பு இவ்வளவு ஒழுங்கா வருமா?"

முதலாளியின் கால் தானாகக் கீழே இறங்கியது.

"பொருந்துமான்னு எப்படிப் பாக்குறது? அளவைத்தான் நிமித்திட்டியே" என்றேன்.

அவள் கல்லாமேசை ஓரமாக நின்று, வீட்டில் கதவை அழுத்துவது போலவே முழங்கையைச் சாய்த்தாள். "இதுதான் அளவு. தெனமும் புடிச்சு நிக்கிறவளுக்குத் தெரியாதா?"

கீலை மடக்கி அந்த மூலையில் வைத்தேன். ஒரு பக்கம் மேசை விளிம்போடும், மறு பக்கம் அவள் கையோடும் ஒட்டி உட்கார்ந்தது.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "இது ஸ்பெஷல் சரக்குண்ணே. வெலை கூட."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "தப்புச் சரக்குன்னு சொன்ன வாய் இன்னும் காயல. அந்த வெலைக்கே போடுங்க."

போட்டார்.

சாயங்காலம் கதவு சத்தமில்லாமல் வந்து மூடியது. கீல் அந்த முதலாளியின் காலுக்கடியிலேயே கிடந்ததை நினைத்து நான் இன்னும் பொருமிக்கொண்டிருந்தேன். அவள் சுத்தியலை அலமாரிக்குள் வைத்து மூடினாள். பிறகு முழங்கையைக் கொண்டுபோய்ப் பழையபடி கதவில் வைத்தாள். பழக்கம்தான். தள்ள வேண்டியதில்லை என்று தெரிந்தபின் மெல்ல எடுத்தாள்.