இரண்டாவது கதிரை

நாலு மணிக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது கர்னல் வின்ஸ்லோ கட்டிலில் எழுந்திருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில்தான் நின்றேன். ஆனால் அவர் பார்த்தது என்னை அல்ல, எனக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தை.

ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் இந்த முதியோர் இல்லத்தில் பிரெஞ்சு தெரியாத ஒரே வெள்ளைக்காரர் அவர்தான். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பதால் அவரை என் தலையில் கட்டிவிட்டார்கள். கஜலக்சுமி என்ற என் பெயர் அவர் வாயில் நுழையாது. 'காஜா' என்றுதான் கூப்பிடுவார். இளவயதில் அரபுக்கரை ஏடனில் பிரிட்டிஷ் படையில் நின்று சண்டைபிடித்துப் பெரிய பதக்கம் வாங்கியவர். அந்தப் பதக்கத்தைக் காட்டியே தேர்தலில் வென்று, இருபத்திரண்டு வருஷம் லண்டன் பாராளுமன்றத்தில் இருந்தார். பதக்கம் இப்போது சுவரில், கண்ணாடிக்குள். வெள்ளிக்கிழமைதோறும் நான்தான் துடைப்பேன்.

"அவன் வந்திருக்கிறான், காஜா," என்றார். "கையை உயர்த்தியபடி நிற்கிறான். உள்ளே விடாதே."

யார் அவன் என்று முன்பே சொல்லியிருந்தார். ஏடனில் சரணடைய வந்தவன், வெறுங்கையோடு வந்தவன். இவர் சுட்டுக் கொன்றவன். பதக்கம் வாங்கித்தந்த அறிக்கையில் மட்டும் அவன் கையில் துவக்கு இருந்ததாம். அதைக் கேட்ட நாளிலிருந்து, அவருக்கு முகம் துடைக்கும்போது என் கை கல்லாகிவிடும்.

என் தம்பி பானுஜனும் கையை உயர்த்தியவன்தான். 2009இல் சண்டை முடிந்தபோது வட்டுவாகல் பாலத்தடியில் இலங்கை ஆமியிடம் சரணடைந்தான். வார் அறுந்த செருப்பு ஒன்றைக் கையில் பிடித்தபடி ஆமியின் பஸ்ஸில் ஏறினான் என்று அம்மா சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. யாழ்ப்பாணத்து வீட்டுச் சுவரில் அவன் படத்துக்கு இன்றுவரை மாலை இல்லை, திவசமும் இல்லை. போன கிழமை போனில், "அம்மா, இனி ஒரு மாலையைப் போடுவமோ?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கோ? நீயும் ஒரு அக்காவோ?" என்று போனை வைத்துவிட்டார்.

வருஷந்தோறும் ஐ.நா. முன்றலில் அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு நானும் நிற்கிறேன். அவன் இருக்கிறான் என்றுதான் நிற்கிறேன்.

அன்று கர்னல் 'உள்ளே விடாதே' என்றதும் எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. வாசலுக்கு வந்த ஒருவரை நிற்கவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் வீட்டில் இல்லாத பழக்கம். ஜன்னலோரக் கதிரையை இழுத்துப் போட்டேன். ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தேன்.

"வாங்கோ, இருங்கோ," என்றேன், வெறும் வாசலைப் பார்த்து.

கர்னலின் முகத்தில் இரத்தமில்லை. "ஐம்பத்தெட்டு வருஷமாக அவனை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன்," என்றார். பிறகு கதிரையைப் பார்த்து மெதுவாக ஏதோ சொல்லத் தொடங்கினார். 'உன்னிடம் துவக்கு இல்லை' என்பது மட்டும் எனக்கு விளங்கியது. அதை இரண்டு தரம் சொன்னார். போர்வையை மடிக்கிற சாட்டில் நான் அங்கேயே நின்றேன். இப்படிச் செய்தவர்களில் ஒருவராவது வாய்திறந்தாரே என்று பொல்லாத ஆறுதலாக இருந்தது. கிளாசில் தண்ணீர் குறைந்ததா என்று பார்க்க மட்டும் துணிவு வரவில்லை.

"கையைக் கீழே விட்டுவிட்டான்," என்றார் கர்னல். முகம் இளகியிருந்தது. பிறகு மறுபடியும் வாசலைப் பார்த்தார்.

"இன்னொருவனும் வந்திருக்கிறான். இவன் என்னுடையவன் இல்லை."

"ஆர்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"இளைஞன். உன் நிறம். ஒரு செருப்பைக் கையில் வைத்திருக்கிறான். நீ கூப்பிடட்டும் என்று நிற்கிறான் போலிருக்கிறது."

செருப்புக் கதை அம்மாவையும் என்னையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. இந்த மனிதரிடம் எனக்கொரு தம்பி இருப்பதைக்கூட நான் சொன்னதில்லை.

நான் வாசல் பக்கம் திரும்பவில்லை. மேசையோடு இன்னொரு கதிரை கிடந்தது. என் கை தானாகப் போய் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டது. இழுத்துப் போட்டால் அவன் வந்து அதில் இருப்பான். இருந்துவிட்டால், அம்மாவின் சுவரில் மாலை விழுந்துவிடும்.

"பாவம், காஜா. எவ்வளவு நேரம் நிற்பான்?" என்றார் கர்னல்.

கதிரைக் கால் ஒரு விரற்கடை நகர்ந்து கிரீச்சிட்டது. இழுத்தது நான்தானா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பின்னால், வாசற்படியில், செருப்பொன்றை யாரோ மெதுவாகத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.