மொ. ராமுத்தாய், மா. ராமுத்தாய்

1988 மார்ச்சில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் கொடுத்த அன்று, சுருளிவேல் சார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். போடியில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மதுரைக்குப் போய் மூன்று வாரம் அதைப் படித்துவிட்டு வந்த கணக்கு வாத்தியார் அவர். பரீட்சை எழுதுகிறவர்களின் பெயர்ப்பட்டியலை அந்த வருஷம் கையால் எழுதவில்லை. அவரே மிஷினில் அடித்து, ஓரம் முழுக்க ஓட்டை போட்ட காகிதத்தில் எடுத்து அனுப்பியிருந்தார். கிளார்க் வீரையா ஒரே பெயரை இரண்டு தடவை எழுதித் தொலைக்கிற ஆள். அதனால், ஒரே மாதிரி இரண்டு வந்தால் ஒன்றைத் தள்ளிவிடுகிற மாதிரி சார் ஒரு புரோகிராமும் எழுதிச் சேர்த்திருந்தார்.

ஏலக்காய் மூடை சுமந்து கழுத்தெலும்பு இறங்கிப்போன ஒருவரின் மகன் சுருளிவேல். இனி மலைப்பிள்ளைகள் கழுத்தால் பிழைக்க வேண்டியதில்லை, விரலால் பிழைக்கலாம் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நம்பித்தான் சொன்னார்.

வரிசை பார்க்காமல் கொடுத்துக்கொண்டே வந்த வீரையா கடைசி டிக்கெட்டை எடுத்து, "எம். ராமுத்தாய்" என்றார். இரண்டு கைகள் நீண்டன.

வகுப்பு சிரித்தது. பழகிய சிரிப்புதான். ஒருத்தி மலையூர் குரங்கணி மொக்கையன் மகள். இன்னொருத்தி அதற்கும் மேலே ஏலத்தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் மாயன் மகள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே, முதல் ராமுத்தாயைக் கூப்பிட்டதும் இருவரும் சேர்ந்து "உள்ளேன் ஐயா" என்பார்கள்.

"இன்னொண்ணு சார்" என்றாள் மாயன் மகள்.

"கட்டு முடிஞ்சு போச்சு ஆத்தா."

வீரையா உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினார். ஒன்றும் விழவில்லை. சிரிப்பு நின்றது.

சார் கம்ப்யூட்டர் அறைக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அன்று செருப்போடு போனார். தான் முதலில் அடித்து வைத்திருந்த முழுப்பட்டியலைத் திரையில் ஓடவிட்டார். பச்சை எழுத்தில் ஓரிடத்தில் வந்தது: M. RAMUTHAI, 1-6-71. பதினைந்து பேர் தள்ளி மறுபடி வந்தது: M. RAMUTHAI, 1-6-71. அனுப்பிய பட்டியலைத் தேடினார். அதில் முதல் ஆள் மட்டும் இருந்தாள்.

உட்கார ஸ்டூல் இருந்தும் அவர் தரையில் உட்கார்ந்தார்.

பதிவேட்டில் அவர்கள் மொ. ராமுத்தாய், மா. ராமுத்தாய். மிஷினுக்குத் தமிழ் தெரியாது. மொக்கையனையும் மாயனையும் அவர் ஒரே எம்மில் அடித்திருந்தார். அதுகூடப் போகட்டும், பிறந்த தேதி வேறாக இருந்திருந்தால் மிஷின் விட்டிருக்கும். அந்தத் தேதியைப் போட்டதும் அவரேதான். எழுபத்தாறில் குரங்கணியில் ஓராசிரியர் பள்ளி வாத்தியாராக இருந்தபோது, பிள்ளை பிறந்த தேதியைக் கேட்டால் 'அந்தப் பெருமழைக்கு' என்றும், 'மொத காய் எடுப்புல' என்றும் பதில் வந்தது. அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பதினொரு பிள்ளைகளுக்கும், இரண்டு ராமுத்தாய்களும் உட்பட, எழுபத்தொன்று ஜூன் ஒன்று என்று அவர் எழுதி முடித்தார். எல்லா வாத்தியாரும் அப்படித்தான் செய்தார்கள்.

பட்டியலை அனுப்புமுன் வகுப்பில் சத்தமாக வாசித்து, ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நிற்பது வருஷா வருஷம் நடந்த வழக்கம். இந்த வருஷமும் வாசித்துவிடலாமா என்று வீரையா கேட்டிருந்தார். மிஷின் அடித்ததை என்னத்துக்கு வாசிக்க வேண்டும் என்று சிரித்தவர் சார்.

மாயன் தன் மகளை மார்ச் வரைக்கும்தான் பள்ளிக்கூடத்துக்கு விட்டிருந்தான். பாஸ் பண்ணினால் டீச்சர் ட்ரெயினிங், இல்லாவிட்டால் தோட்டத்தில் பேர் பதிவு. சாரை நடுவில் நிறுத்திப் பேசிய பேச்சு அது.

மறுநாள் பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மதுரை பரீட்சை ஆபீசுக்குப் போனார். அதிகாரி பொறுமையாகவே கேட்டார். பதிவேடு பள்ளிக்கூடத்தில் எழுதியதுதானே, பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று, தேதியும் ஒன்று என்றால் இரண்டு பேர் என்று எப்படி நம்புவது என்றார். பதிவேட்டைப் புரட்டி, மலையில் ஒரே நாளில் பதினொரு பிரசவமா, மருத்துவச்சி பாவமில்லையா என்று பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். தேதியைத் தானே போட்டதாகச் சுருளிவேல் சொன்னார்.

அதிகாரி பேனாவை மூடினார். "எழுதிக் குடுக்குறீகளா? குடுத்தா அந்தப் பிள்ளைக்கு இப்பவே பாக்குறேன். ஆனா பதினொரு பேரு தேதியும் பொய்யின்னு ஆயிரும். விசாரிச்சு முடியுற வரைக்கும் ஒருத்தரும் எழுத முடியாது. யோசிச்சுக்கங்க."

வெள்ளைத்தாள் மேஜைமேல் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. பதிவேட்டை மறுபடி கக்கத்தில் வைத்துக்கொண்டு போடி பஸ் ஏறினார்.

மாயன் மகளை வரவழைத்து, எம் என்கிற ஒரு எழுத்தைப் பலகையில் எழுதிக் காட்டி நடந்ததைச் சொன்னார். செப்டம்பரில் எழுதலாம் என்றும் சொன்னார். அவள் அழவில்லை.

"செப்டம்பர்ல காய் எடுப்பு சார். எங்கப்பன் எங்க விடும்?" என்றாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "அவளும் நானும் ஒண்ணுன்னு மிஷினு சொல்லுச்சு, சரி. உங்களுக்குத் தெரியும்ல சார்?"



பரீட்சையை மொக்கையன் மகள் எழுதினாள். மாயன் மகள் ஏப்ரலிலேயே தோட்டத்து ஜீப்பில் ஏறிவிட்டாள்.

ஜூனில் புது வகுப்புக்கு முதல் பாடம். மிஷினைத் தொடாதே, தூசி படாமல் வா என்று ஆரம்பிக்கிற பாடத்தை அவர் விட்டுவிட்டார். போன வருஷத்துப் பெயர்களைத் தமிழில் ஒரு தாளிலும், மிஷின் கொடுத்ததை இன்னொரு தாளிலும் கொடுத்து, இரண்டையும் சத்தமாக வாசித்து ஒப்பிடச் சொன்னார். இதில் நாற்பத்து மூன்று, அதில் நாற்பத்து இரண்டு, விட்டுப்போனது யார் என்று கேட்டார்.

குரங்கணியிலிருந்து வருகிற சுப்புத்தாய் முதலில் எழுந்தாள். "மாயன் மக ராமுத்தாயக் காணோம் சார்."

"எங்க போனா?"

தாளில் எங்கே என்றுதான் அவர் கேட்டார். அவளுக்கு அது புரியவில்லை.

"மேல்லயத்துல களை வெட்டுறா சார். நேத்துக்கூடப் பாத்தேன்."

சார் சாக்பீஸை எடுத்தார். பலகையில் 'மா.' என்று எழுதினார். அதோடு 'ராமுத்தாய்' என்பதையும் சேர்த்து, வகுப்பைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்.