நடுவிலிருந்து வராத வரி

பகலில் நோர்வேயின் ஹொல்ம்லியாவில் பாலர் பள்ளி வேலை, மாலையில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு. அந்த வகுப்புக்குரிய பிராக்சிஸ் என்ற செய்முறைப் பயிற்சியைச் செய்யச் சாருகாவுக்குக் கிடைத்த இடம், ஒஸ்லோவில் ஒரு யூத செபக்கூடத்தின் சமயப் பள்ளி. பின்வரிசையில் இருந்து கவனித்து, பள்ளியை எப்படி மேம்படுத்தலாம் என்று நிர்வாகக் குழுவுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் வரவு குறைந்துகொண்டே போனதால், அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் சமய வகுப்பைத் தொடர்வதா விடுவதா என்று குழு முடிவெடுக்கப்போகிறது. எபிரேயத்தில் ஓரெழுத்தும் தெரியாத நான் என்னத்தை எழுதுவது என்ற யோசனையோடுதான், செவ்வாய்தோறும் வாசல் காவலருக்கு அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போவாள்.

ஆசிரியை ரூத் ஒரு தாதி. மருத்துவமனையிலிருந்து நேரே வருவாள், காற்சப்பாத்தில் பனி கரையக் கரைய. பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து ஒரே குரலில் எபிரேயப் பிரார்த்தனையை வாசிப்பார்கள். எங்கேயும் தடுமாற மாட்டார்கள்.

ஒரு செவ்வாயன்று சாருகா லேயா என்ற சிறுமியின் பக்கத்தில் இருந்தாள். லேயாவின் விரல் வரியில் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது. எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடும் என்பது ஒன்றுதான் சாருகாவுக்குத் தெரியும்.

வாசித்து முடிந்ததும் வரியின் நடுவில் ஒரு சொல்லைக் காட்டினாள். "இது என்ன சொல்?"

"முதலிலிருந்து தொடங்கினால் வரும்," என்றாள் லேயா.

"நடுவிலிருந்து?"

"நடுவிலிருந்து யார் தொடங்குவார்கள்?"

வீட்டில் அம்மா யோகராணி சோற்றுக் கோப்பையை நீட்டினாள். "என்ன, முகம் தொங்கிப்போய்க் கிடக்கு?"

"அந்தப் பிள்ளையளுக்கு வாசிக்கத் தெரியாதம்மா. எல்லாம் மனப்பாடம்."

"பாடமாக்கிறதும் படிப்புத்தானே. நீ தேவாரம் பாடிக் கப் எடுத்தனியெல்லே."

"தமிழை நோர்வே எழுத்திலை எழுதி வைச்சுத்தானே பாடினனான். ஆர் எழுதித் தந்தது?"

அம்மா அலுமாரிக்கு மேலிருந்த கப்பை ஒருதரம் பார்த்தாள். "கப் தந்தவை அதைக் கேக்கேல்லையே. நீயும் எழுதிக் கிழிச்சு அந்த ரீச்சரை மாட்டிவிடாதை. பாவம், வேலையாலை களைச்சு வாற மனுசி."

சாருகாவுக்கும் அதே பயம்தான். எழுதினால் வகுப்பே போய்விடலாம். எழுதாவிட்டால் லேயாவின் விரல் அப்படியே போய்க்கொண்டிருக்கும்.

அடுத்த செவ்வாய், பிள்ளைகள் வருமுன், ரூத்திடம் சொல்லிவிட்டாள். ரூத் ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"தெரியும்," என்றாள். "செபக்கூட விழாவில் பிள்ளைகள் பிழையில்லாமல் சொன்னால் பெற்றோருக்குச் சந்தோஷம். எழுத்திலிருந்து தொடங்கினால் விழாவுக்கு அரைப் பக்கமும் வராது. அதற்கு எனக்குச் சீவனும் இல்லை. நீ எழுதப் போகிறாயா?"

"எழுதாவிட்டால் நான் ஏன் வந்தேன்?" சொன்ன பிறகுதான் கடுமையாக இருந்ததோ என்று பட்டது. "இன்றைக்கு ஒரு வரி மட்டும் செய்து பார்ப்போமா? கடைசிச் சொல்லிலிருந்து. அப்போது மனப்பாடம் உதவிக்கு வராது."

ரூத் மறுக்கவில்லை. மறுக்கவும் களைப்பாக இருந்திருக்கும்.

வகுப்பு அன்று நத்தை மாதிரி ஊர்ந்தது. ஒருவன் தலையிடி என்றான். இருவர் கழிவறைக்குப் போய் வரவேயில்லை. லேயா கடைசிச் சொல்லின் வலப்பக்கம் விரலை வைத்து, ஓரெழுத்து, அடுத்த எழுத்து என்று முனகினாள். கடைசியில் முழு வரியும் சேர்ந்தபோது நிமிர்ந்து பார்த்தாள்.

"இது நாங்கள் எப்போதும் சொல்கிற வரியா?"

"அதேதான்," என்றாள் ரூத்.

லேயாவுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி விரலை வரியின் வலது முனைக்குக் கொண்டுபோனாள்.

மகளைக் கூட்டிப்போக வந்த லேயாவின் தகப்பன் கதவில் சாய்ந்து நின்றார். குழுவில் அவரும் ஒருவர். "இன்றைக்குச் சத்தத்தையே காணோம். என்ன செய்தீர்கள்?"

"ஒரு வரி வாசித்தோம்," என்றாள் ரூத்.

"ஒரு வரியா?"

ரூத் சாருகாவைப் பார்த்தாள்.

"இதுவரை இவர்களுக்கு வாசிக்கத் தெரியாது," என்று ரூத்தே சொன்னாள். "இவள் அதைக் குழுவுக்கு எழுதித் தருவாள். கீழே நானும் கையெழுத்து வைப்பேன். பிறகு நீங்கள் முடிவெடுங்கள்."

தகப்பன் மகளின் மேலங்கியை விரித்துப் பிடித்தார். லேயா எழும்பவில்லை.

"கொஞ்சம் பொறுங்கள், அப்பா," என்றாள். விரல் வரியின் நடுவில், ஒரு சொல்லின் வலப்பக்கம் நின்றது.