படுத்தபடி பார்க்க ஒரு குளம்

என் தங்கை மிசாவோவுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது. அவள் வளர்த்த மீனைச் சாவதற்குள் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் யமகோஷி மலையில் வண்ணக்கெண்டை வளர்ப்புதான் பிழைப்பு. மிசாவோ பண்ணையில் குஞ்சு பொறுக்கும் வேலை பார்த்தவள். நல்லதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஈவிரக்கமில்லாமல் கழித்துக்கட்ட வேண்டும். அப்படிக் கழித்ததில் ஒரு வெள்ளைக் குஞ்சை மட்டும் முதலாளியிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டாள். உதட்டோரம் சிவப்பு வழிந்திருந்ததுதான் அது செய்த குற்றம். பண்ணைக் குளத்திலேயே வளர்ந்து அது முழங்கை நீளம் ஆகியிருந்தது.

அவள் புருஷன் கென்சாகு, தபால் ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர், அவள் வீடு வருவதற்குள் அந்த மீனுக்கு வீட்டுக் கொல்லையில் குளம் வெட்டுகிறேன் என்று கிளம்பினார். மண்வெட்டி பிடித்தறியாத கை. சிமெண்ட் போட்டால் அதன் காரம் இறங்க மாசக்கணக்கில் ஆகும், மீன் செத்துப்போகும் என்று ரப்பர் விரிப்பு போட்டார். அதுவரைக்கும் புத்தி வேலை செய்தது. குளக்கரையில் அழகுக்குக் கல் வைக்கும்போதுதான் என் பொறுமை போயிற்று.

கிரேனில் ஒரு பாறை தொங்குகிறது. இவர் கூடத்தில் பாய்த்தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டு கத்துகிறார்.

"இன்னும் ஒரு விரக்கடை இடப்பக்கம்! இல்லல்ல, மறுபடி தூக்குங்க!"

"மாப்பிள்ளை, கல்லு வைக்கிறீங்களா, கல்லுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா? பனி வந்துரும்."

"அண்ணி, இப்படி வந்து உக்காந்து பாருங்க. தோட்டம்ங்கிறது உக்காந்திருக்கிறவங்க கண்ணுக்குத்தான். நின்னு பாத்தா ஒண்ணும் புரியாது."

உட்கார்ந்து பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. பாறைக்குப் பின்னால் தண்ணீர் பாதி மறைந்து பாதி தெரிந்தது. எல்லாவற்றையும் திறந்து காட்டினால் எங்கள் ஊரில் நாகரிகமில்லை என்பார்கள்.

மீனைப் பண்ணையிலிருந்து கொண்டுவந்து குளத்தில் விட்டாயிற்று. ஆனால் மிசாவோ வீட்டுக்கு வந்தபோது அவளால் உட்கார முடியவில்லை. தலை கிழக்கே இருக்க, தோட்டத்தைப் பார்த்து ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். கதவை விரியத் தள்ளிவிட்டு, கென்சாகு குழந்தைபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியுதா மிசாவோ?"

"ம். வாய் நல்லா செவந்திருக்குங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். படுக்கை விரிப்பை மாற்றக் குனிந்த நான், அவள் தலையணையில் என் தலையையும் வைத்துப் பார்த்தேன். பாறை தெரிந்தது. பாறைக்கு மேல் வானம். அவ்வளவுதான்.

"அடிப்பாவி, தண்ணியே தெரியலையே!"

"மெதுவாப் பேசுக்கா. அவரு உயிரைக் குடுத்துச் செஞ்சிருக்காரு."

என் வாய் சும்மா இருக்குமா? சொல்லிவிட்டேன். கென்சாகு அங்கேயே படுத்துப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. முதுகுக்குத் தலையணை கொடுத்துத் தூக்கினோம். வலியில் அலறினாள். கல்லை நகர்த்தக் கிரேன்காரரையும், உயரமான கட்டிலை வாடகைக்குத் தருகிறவரையும் கூப்பிட்டோம்; திங்கட்கிழமைதான் வருவோம் என்றார்கள். மீனைத் தொட்டியில் பிடித்து வருகிறேன் என்று கென்சாகு வலையை எடுத்ததும் அவளுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

"இப்பதான் புதுத் தண்ணிக்குப் பழகுது. வலையப் போட்டுக் கொல்லப் போறீங்களா?"

பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்.

"என்னைத் திருப்பிப் போடுங்க. தலைய உள்பக்கம் வெச்சா, கால்மாட்டுல ரெண்டு கல்லுக்கு நடுவுல தண்ணி தெரியும்."

உள்பக்கம் என்றால் வடக்கு. எங்களில் பிணத்தைத்தான் வடக்கே தலை வைத்துக் கிடத்துவோம்.

"அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார் கென்சாகு. "உயிரோட இருக்கிறவளையா?"

"எப்படியும் அங்கதானே வெக்கப்போறீங்க?"

"வாயக் கழுவுடி" என்றேன் நான்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். "சரி. திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் போய்விட்டாள்.

வழக்கப்படி அவளைத் திருப்பிக் கிடத்தினோம், தலை வடக்கே. முகத்தில் வெள்ளைத் துணி போட்டேன். கென்சாகு அழவில்லை. பக்கத்தில் பாய்மேல் மல்லாந்து, அவள் தலையணையில் ஓரமாகத் தன் தலையை வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே கிடந்தார்.

"அண்ணி" என்றார். "வந்து பாருங்க."

நானும் தலையைத் தாழ்த்தினேன். அவள் பாதங்களுக்கு அப்பால், இரண்டு கல்லுக்கு நடுவில் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. வெள்ளை மீன் கரையோரம் வந்து, சிவப்பு வழிந்த வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து, மிசாவோவின் முகத்திலிருந்த துணியை எடுத்தார். எடுக்கக் கூடாதுதான். நான் தடுக்கவில்லை.