திரும்பச் செய்யாத போன்

யார்க்‌ஷயரின் அந்தப் பகுதியில் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் கடப்பதானால், ரயில்வே கேட் அருகே உள்ள போனில் சிக்னல்காரனிடம் அனுமதி கேட்க வேண்டும். கடந்ததும் மறுபடி கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். முப்பது வருடமாக ஆட்டுப் பண்ணைக்காரன் வில்ஃப் கார்பட் அதில் தவறியதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும், கடந்த கையோடு ஓர் ஆடு பள்ளத்தில் மல்லாந்து விழுந்துவிட்டது. ஆட்டின் மேல் பழி போட்டு என்ன பயன்? அதைப் புரட்டி நிறுத்தியவன் போனைச் சுத்தமாக மறந்து, வீட்டுக்குப் போய் டீ குடித்தான். நாலு மைலுக்கு அப்பாலிருந்த சிக்னல்காரன், தண்டவாளத்தில் இன்னும் ஆடு நிற்கிறதோ என்று பயந்து ரயிலை அந்தக் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இருபத்தைந்து நிமிடம் நிறுத்திவைத்தான்.

அந்த ரயிலில்தான் பக்கத்துப் பண்ணை பெரில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் போய்ச் சேரப் பத்து நிமிடம் இருக்கையில், அங்கே படுத்திருந்த அவள் கணவர் ஸ்டான்லி கண்ணை மூடிவிட்டார்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டார்கள். வில்ஃப் தன் தட்டில் இருந்ததைத் தொடவில்லை. சொல்லித் தொலைத்துவிடலாம் என்று அவளிடம் போனான்.

"பெரில், அன்னிக்கு ரயிலு..."

"அத விடுங்க வில்ஃப். ரயில்காரனுங்க என்னிக்கு நேரத்துக்கு ஓட்டிருக்கானுங்க?" அவன் தட்டில் இன்னொரு சாண்ட்விச்சை வைத்தாள். "ஜன்னல் வழியா ஒங்க ஆடுங்களத்தான் பாத்துட்டே ஒக்காந்திருந்தேன். இந்த வருசம் நல்லா கொழுத்திருக்கு. ஸ்டான்லிகிட்ட சொல்லணும்னு நெனச்சிட்டே போனேன்."

வில்ஃப் அந்தச் சாண்ட்விச்சை முழுதும் தின்றான்.