ஆமைக்குக் கட்டிய மலை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று முதலில் சொன்னவன் எவனோ, அவன் எங்கள் பக்கத்து வீட்டைப் பார்த்ததில்லை. நான் பார்த்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர், பின்னால் ஒரே கிணறு. அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். அதனால் நான் சொல்வதை நம்பலாம்.

போடிக்கு இன்னும் ரயில் வராத காலம். ஏலக்காய் மூட்டைகள் குரங்கணிப் பாதையில் கழுதை முதுகிலும் ஆள் தலையிலும் இறங்கும். பக்கத்து வீட்டுச் சுருளிவேல் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறியவன், புரட்டாசி மழையில் மலைக்காய்ச்சல் கண்டு அங்கேயே செத்துப்போனான். காய்ச்சலில் செத்தவர்களை மேலேயே புதைத்துவிட்டுத்தான் ஆட்கள் இறங்குவார்கள். கீழே தகவலும் கம்பளியும் மட்டும் வரும். அவன் கூட்டாளி காசிமாயன் கம்பளியோடு ஒரு சாக்கையும் கொண்டுவந்து, சுருளிவேலின் பெண்டாட்டி ஜக்கம்மாள் முன்னால் வைத்தான். அவிழ்த்தால் உள்ளே ஓர் ஆமை.

"காய்ச்சல் முத்துனப்பவும் இதையேதான் பேசிக்கிட்டுக் கெடந்தான், மதினி. ஜக்குகிட்டக் குடுத்துரு, நான் வந்து பாத்துக்கிறேன்னான். மத்தியானம் கஞ்சி குடிச்சிட்டு, தேங்காச் சிரட்டையப் பாறையில ரெண்டு தட்டுத் தட்டுவான். எங்கிட்டு இருந்தாலும் வந்துரும். அந்தச் சிரட்டைய அவன்கூடவே வச்சுப் பொதைச்சிட்டோம்."

சுருளிவேலின் ஆத்தா ராக்கு மாரில் அடித்துக்கொண்டாள். "எம்மகனை முழுங்கிட்டுத்தான வந்திருக்கு! வீட்டுக்குள்ள விடாத, புள்ள!"

ஜக்கம்மாள் ஆமையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். "வந்து பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்காக, அத்தை. வர்றப்ப இது உசுரோட இருக்கணும்."

சின்ன வயசு, துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவள் வாயில் வேறு பேச்சே இல்லை. ஆமை உயிரோடிருந்தால் அவன் வருவான், அவ்வளவுதான் அவள் கணக்கு.

ஆனால் ஆமை சாகிற வழியாகத்தான் இருந்தது. சாணி மெழுகிய வழவழப்புத் தரையில் அதற்குக் கால் பாவவில்லை. கண் வீங்கி மூடிக்கொண்டது. ஊரே பார்க்கட்டும் என்று நானும் என் பங்குக்குப் பால்சோறு கொண்டுபோய் வைத்தேன். தின்றுவிட்டு ஒரே கழிச்சல். "அக்கா, நீங்க சும்மா இருந்தாலே புண்ணியம்," என்றாள் ஜக்கம்மாள். எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் அவள் சொன்னது சரிதான்.

பிறகு அவளே யோசித்தாள். ஆமையை வீட்டுக்குப் பழக்கக் கூடாது, வீட்டை மலையாக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தாள். உள்ளறையின் மூலையைப் பலகை வைத்து அடைத்தாள். கழுதைக்காரர்களோடு குரங்கணிக்கு நடந்து, காட்டுக்குள்ளிருந்து மக்கிய சருகும் கறுப்பு மண்ணும் சாக்கில் சுமந்து வந்து முழங்கை ஆழத்துக்குப் பரப்பினாள். உடைந்த பானையைப் படுக்கவைத்துக் குகை செய்தாள். அகலமான மண்தட்டை விளிம்பு வரை மண்ணில் புதைத்து, ஆமையின் தாடை நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினாள். ஒரு பக்கம் எப்போதும் ஈரம். மறுபக்கம் காய்ந்த மண், அதற்கு நேர் மேலே கூரை ஓடு ஒன்றை நகர்த்திவிட்டதில் காலை வெயில் ஒரு முறம் அகலத்துக்கு விழும். தீனிக்குக் காளான், துத்தி இலை, பூசணிப்பூ. ஓடு கெட்டிப்பட முட்டைத்தோட்டை இடித்துத் தூவினாள்.

ஆமை கண்ணைத் திறந்தது. தின்றது. வெயிலில் கழுத்தை நீட்டிப் படுத்தது. அந்த மூலைக்குப் போனால் எனக்குக் குளிரும். மழையில் நனைந்த காடு நாறுவதுபோல் வீடு நாறியது. ஒரு நாள் ராக்குவின் காலில் அட்டை கடித்திருந்தது. போடியில் ஏது அட்டை? சருகோடு வந்திருக்கும் என்றேன். ராக்கு என்னை முறைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம். நல்ல உச்சிவெயில், நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் டொக், டொக். கல்லில் சிரட்டை தட்டுகிற சத்தம். ஜக்கம்மாள்தான் தட்டி விளையாடுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். அவள் கையில் ஒன்றும் இல்லை. ஆமை குகையை விட்டு வெளியே வந்து, பலகை ஓரமாக நின்று, கழுத்தை முழுக்க நீட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு ஆள் குத்தவைத்து உட்கார்ந்தால் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தைப் பார்த்தது. அங்கே ஒருவரும் இல்லை. ஜக்கம்மாள் சிரித்த முகமாகச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

தினமும் மத்தியானம் அது நடந்தது. ராக்கு சோறு தண்ணி இறங்காமல் மெலிந்தாள். "செத்தவன் சும்மா வர மாட்டான். யாரையாச்சும் கூட்டிட்டுப் போகத்தான் வருவான்," என்று புலம்பினாள். தாய் உருகுவதைப் பார்க்க இளைய மகன் சீனிச்சாமிக்குப் பொறுக்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜக்கம்மாள் புதுச் சருகு அள்ளக் காசிமாயனோடு மலைக்குப் போயிருந்த நாளில், சீனிச்சாமி ஆமையைத் தூக்கி, ஓட்டில் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, வாளியில் இறக்கிக் கிணற்றில் விட்டான். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினால் ஆமை பிடித்து விடுவது வழக்கம். பாசியும் பூச்சியும் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும் என்பார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

சாயங்காலம் அவர்கள் வந்ததும் சீனிச்சாமி பெருமையாகச் சொன்னான். "அதைக் கொல்லல, மதினி. கெணத்துல விட்டிருக்கேன். இனி அதுபாட்டுக்குச் சொகமா நீந்திக்கிட்டுக் கெடக்கும்."

காசிமாயன் தலைச்சுமையை அப்படியே கீழே போட்டான். "அடப் பாவி, அது காட்டாமைடா! அதுக்கு நீந்தத் தெரியாதுடா!"

மழைக்காலத் தண்ணீர், கிணறு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. முங்கிப் பார்த்த காசிமாயன் சேற்றைத்தான் அள்ளிக்கொண்டு வந்தான். ஜக்கம்மாள் அழவில்லை. கொண்டுவந்த சருகை மூலையில் பரப்பி, தண்ணீர் தெளித்துவிட்டு, அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

வீட்டில் சத்தம் நின்றது. ராக்கு வயிறாரச் சாப்பிட்டாள். "போயிருச்சு," என்றான் சீனிச்சாமி. நானும் அப்பாடா என்று இருந்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் கிணற்றில் நான்தான் தண்ணீர் இறைத்தேன். வாளி பாதியில் இருக்கும்போது கீழே, தண்ணீருக்கு அடியிலிருந்து, டொக், டொக். கயிற்றை விட்டுவிட்டேன். அந்த வாளி இன்றைக்கும் உள்ளேதான் கிடக்கிறது.

அந்தத் தண்ணீரை அதற்கப்புறம் ஒருவரும் தொடவில்லை. ராக்குவும் சீனிச்சாமியும் தேவாரத்துச் சொந்தக்காரர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஓடு சரிந்தது, சுவர் இடிந்தது. ஆமை புகுந்த வீடு பார், என்கிறது தெரு. ஆமையை வெளியே தள்ளிய வீடு என்கிறேன் நான். யார் கேட்கிறார்கள்?

ஜக்கம்மாள் மட்டும் போகவில்லை. இன்னும் சருகுக்குத் தண்ணீர் தெளிக்கிறாள். அதில் காளான் முளைக்கிறது. மத்தியானம் சத்தம் கேட்டதும் கிணற்றடிக்கு வந்து குனிந்து கூப்பிடுவாள். "மேல வாங்க, மாமா. வீடு அப்படியே இருக்கு. வெயில்கூட விழுது."

ஒரு கணம் சத்தம் நிற்கும். மறுபடி தொடங்கும். கிணற்றுச் சுவர் செங்குத்து, ஆமையால் ஏற முடியாது. அதைத் தனியே விட்டுவிட்டு ஏறி வருகிற ஆளில்லை அவன்.