டேஷ்போர்டில் விழுந்த விரிசல்

அந்தப் பழைய காரின் டேஷ்போர்டு வெயிலில் வெடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு, மனைவியை முன்சீட்டிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனான் வண்டிக்காரன். கடையில் பிளாஸ்டிக் ஒட்டுகிறவர் காருக்குள் குனிந்து பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேரெதிரே பிளாஸ்டிக் உள்ளே அமுங்கி வெடித்திருந்தது. விரிசலில் இரண்டு நீளமான முடிகள் சிக்கியிருந்தன.

"பிரேக் போட்டப்ப இடிச்சுக்கிட்டியாம்மா?"

"வண்டி நின்னுக்கிட்டுதாண்ணே இருந்துச்சு," என்றாள் அவள். "சீக்கிரம் ஒட்டிடுங்க. இதப் பாக்குறப்பல்லாம் அவருக்குக் கோவம் வருது."

அவர் தெருமுனையை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "போக்கிடம் இருக்கா?"

"அக்கா வீடு இருக்கு."

"கடைக்குப் பின்னாடியே பஸ் நிக்கும். போம்மா, நான் பாத்துக்கிறேன்."

அவள் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். தெருமுனையில் கணவனின் சிரிப்புச் சத்தம் கேட்டது. காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவர் விரிசலைச் சூட்டுக்கோலால் உருக்கி, கம்பிவலை பதித்து, உப்புத்தாளால் தேய்த்து, கறுப்புச் சாயம் அடித்தார். வண்டிக்காரன் திரும்பி வந்து தடவிப் பார்த்தான்.

"அட, புதுசு மாதிரியே இருக்கே! தாங்குமா?"

"வெயிலத் தாங்கும். இன்னொரு தடவை இவங்க தலைய இடிச்சா, நானே போலீசுக்குப் போவேன்."

அவன் முகம் இறுகியது. மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

தான் பேசிய பேச்சுக்கு வீட்டில் அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது, கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. வண்டி நம்பரைக்கூட அவர் பார்த்து வைக்கவில்லை.